ஏக்கர் கணக்கு தொட்டிக்கு ஆகாது

எங்க அத்தை, அதாவது என் வீட்டுக்காரரோட அம்மா, கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி, பழைய வேட்டித் துணியில் முடிந்து, அடுப்புக்கு மேலே பரணில் தொங்க விட்டிருப்பார்கள். இலவம்பாடி முள்ளு கத்தரி. தண்டு, இலை, காம்பு எல்லாத்திலும் முள். 2023ல் அதுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்போ அத்தை சிரிச்சாங்க. "இதுக்கு இப்பத்தான் பேர் வெச்சாங்களாம்மா?"ன்னு கேட்டாங்க.

அணைக்கட்டுப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். கிணறு வற்றி, போர் போட்டு, அதுவும் வற்றினதுக்குப் பிறகு நிலத்தைப் பங்காளி பார்வையில விட்டுட்டு வேலூருக்குக் குடி வந்தோம். வாடகை வீடு, மேல் மாடி. மொட்டை மாடியில செடி வெச்சுக்கலாம்னு வீட்டுக்கார அக்கா சொன்னதால்தான் அந்த வீட்டையே பிடிச்சோம். வந்த வருஷம் சித்திரையில அத்தை போய்ச் சேர்ந்தாங்க. அந்தத் துணி முடிச்சு எங்கிட்ட வந்தது.

இலவம்பாடிச் சுற்று வட்டாரத்துல இந்தக் கத்தரியைப் பயிர் பண்றவங்க இன்னும் இருக்காங்க, விதை அழிஞ்சு போயிடலை. ஆனா எங்க வீட்டு விதை அத்தை முப்பது வருஷத்துக்கு மேல தானே பார்த்துப் பார்த்து எடுத்தது. பூச்சி குறைவா விழுந்த செடி, காய் நடுவுல விதை கெட்டிப்படாத செடின்னு அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டி விடுவாங்க. அந்தத் தேர்வு வேற யார் வீட்லயும் கிடையாது. முடிச்சை அவிழ்த்துப் பார்த்தப்போ விதை பழசு. ஆடியில ஒரு 40 விதை நாற்றுவிட்டேன். 22 முளைச்சது. அதில் நல்லதாப் பார்த்து 14 நாற்றை 14 குரோ பேக்கில் ஆவணியில நட்டேன்.

அதில் 9 செடியை நானே கொன்னேன். மருந்தடிச்சு இல்ல, பஞ்சகவ்யாவும் ஜீவாமிர்தமும் மீன் அமிலமும் ஊத்தித்தான். இருபது வருஷம் இயற்கை விவசாயம் பண்ணின கையால.

நடந்ததைச் சொல்றேன். மாடியில கனம் ஏத்தக் கூடாதுன்னு வீட்டுக்கார அக்கா கண்டிஷன் போட்டிருந்தாங்க. அதனால் ரெண்டு பங்கு தேங்காய் நார்க்கழிவு, ஒரு பங்கு செம்மண், அரைப் பங்கு மண்புழு உரம்னு கலந்தேன். நார்க்கழிவைக் கட்டியா வாங்கி, தண்ணி ஊத்தி, பொங்கினதும் அப்படியே போட்டுட்டேன். நட்டு ரெண்டு வாரம் ஆனதும் செடி வெளுத்தது. அடி இலை மஞ்சள், குருத்து சின்னதாச்சு. பசிக்குதுன்னு நினைச்சேன். அது வரைக்கும் சரிதான். நிஜமாவே பசிதான்.

ஊர்ல இருந்து ஜீவாமிர்தம் ஒரு கேன் வந்திருந்தது. திங்கக்கிழமை செடிக்கு அரை லிட்டர், தண்ணி கலக்காம அப்படியே. நிலத்துல பாசனத் தண்ணியோட அப்படியேதானே விடுவோம்? புதன்கிழமை மீன் அமிலம், ஒரு லிட்டர் தண்ணிக்கு 50 மி.லி., வேரில். வெள்ளிக்கிழமை பஞ்சகவ்யா, லிட்டருக்கு 100 மி.லி. முதல் வாரம் இலை பச்சை ஏறின மாதிரி இருந்தது. சந்தோஷத்துல அடுத்த வாரமும் அதே வரிசை. அந்த வாரக் கடைசியில இலை நுனி கருக ஆரம்பிச்சது. உச்சி வெயில்ல செடி தலை தொங்கிச்சு. தண்ணி பத்தலைன்னு காலையும் மாலையும் தண்ணி ஊத்தினேன். பத்தே நாளில் 9 செடி போச்சு.

ஊர்ல எங்களுக்கு இயற்கை விவசாயம் சொல்லிக் கொடுத்த அண்ணன் ஒருத்தர் ஒரு வேலையா வேலூர் வந்தவர் மாடி ஏறிப் பார்த்தார். செடியைப் பார்க்கவே இல்ல. பையில விரலை விட்டு மண்ணை எடுத்து மோந்து பார்த்தார். எங்கிட்ட நீட்டினார். புளிச்ச கழுநீர் தொட்டி நாத்தம். அடியில கை விட்டு ஒரு வேரை உருவினார். பழுப்பா, தோல் உரிஞ்சு வந்தது.

"பசியில சாகலம்மா இது. மூச்சு முட்டிச் செத்திருக்கு"ன்னார். அப்புறம், "ஏக்கருக்கு எவ்வளவு விடுவீங்க?"ன்னு கேட்டார்.

"200 லிட்டர்."

"ஏக்கர்ல மண்ணு எவ்வளவு? இதுல மண்ணு எவ்வளவு? போட்டுப் பாருங்க."

அன்னிக்கு ராத்திரி பையனை உட்கார வெச்சுக் கணக்குப் போட்டேன். இந்தக் கட்டுரையில வேற எதை மறந்தாலும் இந்தக் கணக்கை மறக்காதீங்க.

ஒரு ஏக்கர்னா 43,560 சதுர அடி. மேல் மண் அரை அடி ஆழத்துக்கு மட்டும் எடுத்தாலே சுமார் 6 லட்சம் லிட்டர் மண். அதுக்கு பாலேக்கர் ஐயா சொல்ற அளவு 200 லிட்டர் ஜீவாமிர்தம். அதாவது 3,000 லிட்டர் மண்ணுக்கு ஒரு லிட்டர். என்னோட குரோ பேக் ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். முக்கால் பாகம் நிரப்பினா 15 லிட்டர் கலவை பிடிக்கும். அந்தக் கணக்குல என் பைக்கு வரவேண்டியது 5 மி.லி. ஒரு டீஸ்பூன்!

மண் கணக்கு வேண்டாம், செடிக் கணக்காவே போடுவோம்னு பையன் சொன்னான். கத்தரியை இரண்டரை அடிக்கு இரண்டடி நட்டா ஏக்கருக்கு 8,700 செடி சொச்சம். 200 லிட்டரை வகுத்தா செடிக்கு 23 மி.லி. நான் ஊத்தினது 500 மி.லி. பஞ்சகவ்யா பாசனத்தோட ஏக்கருக்கு 20 லிட்டர் விடுவோம், செடிக்கு ரெண்டு மி.லி. சொச்சம் வருது. நான் விட்டது 100. மீன் அமிலக் கணக்கை எழுதவே வெட்கமா இருக்கு.

நிலத்துல நாம கொஞ்சம் கூட விட்டாலும் நிலம் மன்னிச்சிடும். கீழே போக இடம் இருக்கு, பக்கத்துல பரவ இடம் இருக்கு, மண்புழு இருக்கு, மழை வந்தா அடிச்சுக்கிட்டுப் போகும். பையில ஊத்தினது பையிலேயேதான் கிடக்கும். வேர் அதை விட்டு ஓடவும் முடியாது.

அண்ணன் சொன்ன மூச்சு முட்டலுக்கும் காரணம் இதுதான். ஜீவாமிர்தத்துல வெல்லமும் பயறு மாவும் இருக்கு. அது நுண்ணுயிருக்குச் சாப்பாடு. சாப்பாடு கிடைச்சதும் அதுங்க பெருகும், பெருகும்போது மண்ணுல இருக்கிற காற்றை இழுத்துக்கும். நிலத்துல காற்றுக்குப் பஞ்சமில்ல. நார்க்கழிவு அதிகமா இருக்கிற பை ஏற்கெனவே தண்ணி குடிச்ச பஞ்சு மாதிரி இருக்கும். அதுல அரை லிட்டர் வெல்லக் கரைசல், மேலே தினம் ரெண்டு வேளைத் தண்ணின்னா வேருக்குக் காற்றே இல்ல. வேர் அழுகிச்சு. வேர் அழுகினதால் தண்ணி ஏறலை, அதனால்தான் இலை வாடிச்சு. வாடுதேன்னு நான் மேலே மேலே தண்ணி ஊத்தினேன். மண் ஈரமா இருக்கும்போதே செடி வாடினா தண்ணி ஊத்தாதீங்க. வேரைப் பாருங்க.

இலை நுனி கருகினது உப்பால். கோமியத்துல உப்பு இருக்கு. மீன்லயும் இருக்கு. கழுவாத நார்க்கழிவுல நிறையவே இருக்கு. போதாததுக்கு எங்க வீட்டு போர் தண்ணியில பக்கெட்டே வெள்ளை படியும். பையோட விளிம்பிலயும், மண் மேலயும் வெள்ளையா உப்புப் பூத்திருந்ததை நான் பார்த்தேன். ஏதோ நல்ல பூஞ்சைன்னு சந்தோஷப்பட்டேன்.

ஆரம்பத்துல செடி வெளுத்ததே எதனாலன்னா, மட்காத நார்க்கழிவால. அதுல கரிமச்சத்து 100 பங்குக்கு மேல இருந்தா தழைச்சத்து ஒரு பங்குதான் இருக்கும். அதை மட்க வைக்கிற நுண்ணுயிர், செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தையும் பிடுங்கிக்கும். மட்க வெச்ச நார்க்கழிவுல அந்த வித்தியாசம் நாலுல ஒரு பங்காக் குறைஞ்சிடும். அதனால் நோய் இருந்தது கலவையில. நான் வைத்தியம் பார்த்தது கரைசல்ல. கலவை சரியில்லாத பைக்கு எந்தத் திரவ உரமும் பதில் இல்ல. இப்போ நார்க்கழிவை மூணு தடவை ஊற வெச்சு, காபி நிறத் தண்ணி வெளுக்கிற வரைக்கும் வடிச்சு, சாணக் கரைசல் தெளிச்சு, மாசக் கணக்கா மூடி வெச்சு மட்க விட்டுத்தான் போடறேன். அதுவும் மூணுல ஒரு பங்குதான். மீதி செம்மண், தொழுஉரம். கனம்? பையை மாடி நடுவுல வைக்காம, கீழே சுவர் வர்ற ஓரமாப் பார்த்து வெச்சுட்டேன். அக்காவும் ஒத்துக்கிட்டாங்க.

மீதி 5 செடியைக் காப்பாத்தினது இப்படி. பை அடியில இருந்த ஓட்டைகளைக் கம்பியால குத்தித் திறந்தேன். ரெண்டு பையில ஓட்டை அடைச்சே போயிருந்தது. பைகளைச் செங்கல் மேல தூக்கி வெச்சேன். பிடிச்சு வெச்ச மழைத் தண்ணியை ஒவ்வொரு பைக்கும் 30 லிட்டர், அதாவது கலவையைப் போல ரெண்டு மடங்கு, அரை மணிக்கு ஒரு குடமா மெதுவா விட்டேன். அடியில முதல்ல வந்தது டிக்காஷன் மாதிரி இருந்தது. கடைசியில வெளுத்தது. பிறகு பழைய சேலையை நிழலுக்குக் கட்டி, மேல் மண்ணைக் குச்சியால கிளறிவிட்டு, 15 நாள் எதுவுமே கொடுக்கலை. விரலை ரெண்டு கணு விட்டுப் பார்த்து, காய்ஞ்சிருந்தால் மட்டும் தண்ணி. புரட்டாசி கடைசியில ஒரு செடியில குருத்து வந்தது. அன்னிக்கு நான் அழுதேன். வீட்ல யாருக்கும் சொல்லலை.

எதை எப்போ கொடுக்கறேன்

நடவு செஞ்சு முதல் ரெண்டு வாரம் ஒண்ணுமே கிடையாது. வேர் பிடிக்கட்டும்.

அப்புறம் என் முதல் தேர்வு அமுதக் கரைசல். நம்மாழ்வார் ஐயா வழி வந்த எல்லாருக்கும் தெரிஞ்ச கரைசல்தான்: சாணம் 1 கிலோ, கோமியம் 1 லிட்டர், வெல்லம் 250 கிராம், தண்ணி 10 லிட்டர், 24 மணி நேரம். மாடிக்கு இது ஏத்ததா இருக்கிறதுக்குக் காரணம், ஒரே நாளில் தயாராகுது, நாத்தம் குறைவு, சின்ன அளவுல செய்யலாம். எல்லாத்தையும் பத்துல ஒண்ணா குறைச்சுக்குவேன். சாணம் 100 கிராம், ஒரு கைப்பிடி. கோமியம் 100 மி.லி. வெல்லம் 25 கிராம். தண்ணி 1 லிட்டர். மறுநாள் துணியில வடிகட்டி 10 லிட்டர் தண்ணி சேர்த்தால் 14 பைக்கு முக்கால் லிட்டர் வீதம் சரியா வரும். வாரம் ஒரு தடவை. மிச்சம் வைக்கிறது இல்ல.

சாணத்துக்கும் கோமியத்துக்கும் டவுன்ல எங்கே போறதுன்னு கேப்பீங்க. பின் தெருவுல பால்காரர் நாலு மாடு வெச்சிருக்கார். கலப்பின மாடுதான். நாட்டு மாடா இருந்தா நல்லதுன்னு நானும் நம்பறேன். ஆனா நாட்டு மாட்டுச் சாணம் கிடைக்கிற வரைக்கும் செடியைப் பட்டினி போட மாட்டேன். மாட்டுக்கு அந்த வாரம் ஊசி போட்டாங்களான்னு மட்டும் கேட்டுட்டு வாங்குவேன்.

செடி தழைய வேண்டிய கட்டத்துல வெளுத்தால் கடலைப் புண்ணாக்கு. அதுல தழைச்சத்து சுமார் 7 சதம், வேப்பம் புண்ணாக்குல சுமார் 5. 100 கிராமை 1 லிட்டர் தண்ணியில 3 நாள் ஊற வெச்சு, தினம் கலக்கி, தெளிஞ்சதை மட்டும் வடிச்சு, பத்து மடங்கு தண்ணி சேர்த்து 15 நாளைக்கு ஒரு தடவை விடறேன். கசடைப் பை மேல கொட்டாதீங்க. ஈ முட்டை போட்டு புழு நெளியும். கசடு மட்கு குழிக்கோ, மட்குத் தொட்டிக்கோ போகணும்.

பூ மொட்டு கட்ட ஆரம்பிச்சதும் புண்ணாக்கும் மீன் அமிலமும் நிறுத்தம். இதுல பல பேர் தப்பு பண்றாங்க. இலை கரும்பச்சையா, பெரிசா, பார்க்க ஜம்முன்னு இருக்கும். பூவே வராது. கூடவே அசுவினியும் வெள்ளை ஈயும் விருந்துக்கு வந்துடும். பூ சமயத்துக்குத் தேமோர் கரைசல்தான். ஒரு லிட்டர் புளிச்ச மோர், ரெண்டு தேங்காயோட பால், பானையில 7 நாள். லிட்டருக்கு 30 மி.லி. இலையில தெளிக்கறேன். மோர்ல தேங்காய்ப்பால் சேர்த்துப் புளிக்க வைக்கிறப்போ எண்ணெய் மிதக்கும், வடிகட்டலைன்னா தெளிப்பான் மூக்கு அடைச்சுக்கும். அரப்பு இலை கிடைக்கிற ஊர்க்காரங்க அரப்பு மோர் கரைசலும் பண்ணலாம். எனக்கு டவுன்ல இலை கிடைக்கலை.

காய் பிடிச்ச பிறகு பஞ்சகவ்யா. கொடுமுடி டாக்டர் நடராஜன் ஐயா பரப்பின முறைப்படி ஊர்ல செஞ்சதைத்தான் வாங்கிக்கறேன். 14 பைக்காக 7 கிலோ சாணமும் 1 கிலோ நெய்யும் 12 வாழைப்பழமும் போட்டு மாடியில 30 நாள் கலக்கிட்டிருக்க வேண்டியதில்ல. நாலு வீடு சேர்ந்து செஞ்சு பிரிச்சுக்கிட்டா சரி. 3 சதம், அதாவது லிட்டருக்கு 30 மி.லி., இலைக்கு. இந்த 3 சதம் இலைக்குச் சொன்ன கணக்குங்கிறதை நினைப்புல வைங்க. வேரில் விடறதா இருந்தா தொட்டிக்கு நான் லிட்டருக்கு 10ஐத் தாண்டறதில்ல.

தக்காளி வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. காயோட அடிப்பக்கம் கறுத்து அமுங்கிப் போனால் அது சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராத குறை. முட்டையை எலுமிச்சைச் சாற்றில் ஊற வெச்சுச் செய்யற முட்டைக் கரைசல்ல ஓட்டுச் சுண்ணாம்பு கரைஞ்சு இருக்கும், உதவும். ஆனா பாதி நேரம் காரணம், ஒரு நாள் காய விட்டு மறுநாள் வெள்ளமா ஊத்தறதுதான். முதல்ல தண்ணியை ஒழுங்குபடுத்துங்க.

வாழைப்பழத் தோல் ஊற வெச்ச தண்ணியை எல்லாரும் சிபாரிசு பண்றாங்க. அதை நம்பிக் காய் வராதுங்கிறது என் அனுபவம். தோலை மட்க வெச்சுப் போடுங்க. அரிசி கழுவின தண்ணி செலவில்லாதது, அன்னிக்கே ஊத்திடலாம். சாம்பல்ச் சத்துக்கு விறகுச் சாம்பல் ஒரு ஸ்பூன் மண் மேல தூவி கிளறி விடுவேன். அதைக் கோமியம் கலந்த கரைசலோட சேர்த்துடாதீங்க. தழைச்சத்து அம்மோனியாவா மூக்கைத் துளைச்சுக்கிட்டுப் பறந்துடும்.

இதையெல்லாம் எப்போ ஊத்தறதுன்னா, வெயில் சாய்ஞ்ச பிறகு. முதல்ல வெறும் தண்ணி விட்டு மண்ணை நனைச்சுட்டு, அரை மணி கழிச்சுக் கரைசல். காய்ஞ்ச பையில கரைசலை ஊத்தினால் ஓரமா வழிஞ்சு அடியில ஓடிடும், இல்லைன்னா வேரைச் சுடும். கரைசலுக்குக் கலக்கற தண்ணி மாநகராட்சிக் குழாய்த் தண்ணியா இருந்தா ஒரு நாள் திறந்து வெச்சுடறேன், குளோரின் போகட்டும்னு. நுண்ணுயிர்க் கரைசல்ல கிருமி கொல்ற தண்ணியைச் சேர்த்து என்ன பிரயோஜனம்? மாசம் ஒரு தடவை கரைசல் வாரத்தைத் தள்ளிட்டு, வெறும் தண்ணி அடியில நல்லா வழியற வரைக்கும் விட்டு உப்பைக் கழுவிடுவேன். மழைக் காலத்துல அதை வானமே பார்த்துக்கும்.

மீன் அமிலமும் அக்கா சேலையும்

மீன் அமிலம் நல்ல சரக்கு. அதில் சந்தேகம் வேண்டாம். கொரிய இயற்கை விவசாயத்துல இருந்து நமக்கு வந்தது. மீன் கழிவும் வெல்லமும் எடைக்கு எடை சமம், தண்ணி சேர்க்கக் கூடாது. 21 நாளில் தயார்னு சொல்வாங்க, நான் 40 நாள் விடறேன். பழுத்த பழ வாசனை வந்து, தேன் நிறத்துல இருந்தா சரி. அழுகல் நாத்தம் அடிச்சா வெல்லம் குறைஞ்சிருக்கு, அதைச் செடிக்கு விடாதீங்க.

பாட்டிலைக் கழுத்து வரைக்கும் நிரப்பி, காற்று போகக் கூடாதுன்னு இறுக்கி மூடி, படிக்கட்டுக் கீழே வெச்சேன். ரெண்டாவது வாரம் ஒரு மத்தியானம் 'டமார்'னு ஒரு சத்தம். கொடியில காய்ஞ்ச அக்காவோட ரெண்டு சேலையில மீன் அமிலம். அது பரவாயில்லன்னாங்க, ஏன்னா ரொம்ப நல்லவங்க. தெருப் பூனை எல்லாம் ஒரு வாரம் படிக்கட்டை விட்டுப் போகாததுதான் தாங்கலை. பாட்டில்ல மூணுல ஒரு பங்கு காலியா விடணும், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மூடியைத் தளர்த்திக் காற்றை விடணும். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம்.

தொட்டிக்கு இப்போ லிட்டருக்கு 5 மி.லி. மட்டும்தான், இலையில, 15 நாளைக்கு ஒரு தடவை. வேரில் விடறதை நிறுத்திட்டேன்.

எந்தக் கரைசலா இருந்தாலும் திறந்த டிரம்ல வெச்சா கொசு முட்டை போடும். டெங்கு வந்து மாநகராட்சி ஆள் டிரம்மைக் கவிழ்க்கிறதுக்கு முன்னாடி நாமே துணி கட்டிடணும்.

கடை பாட்டில்

எல்லாராலயும் செய்ய முடியாது, கடையில வாங்கித்தான் ஆகணும்னு இருக்கிறவங்க உண்டு. தப்பில்ல. நானும் வாங்கி ஏமாந்திருக்கேன். 'ஜீவாமிர்தம்'னு லேபிள் ஒட்டி, மாசக் கணக்கா அலமாரியில நின்ன பாட்டிலை ஒரு கடையில காசு கொடுத்து வாங்கினேன். ஜீவாமிர்தம் ஒரு வாரத்துக்கு மேல தாங்காத சரக்குன்னு எனக்கே தெரியும். தெரிஞ்சும் வாங்கினேன் பாருங்க. திறந்தால் வாசனையே இல்ல, கறுப்புத் தண்ணி.

இப்போ வாங்கும்போது நான் பார்க்கிறது கொஞ்சம்தான். தயாரிச்ச தேதி இருக்கா, என்னென்ன சேர்த்திருக்காங்கன்னு எழுதியிருக்கா, லிட்டருக்கு எவ்வளவுன்னு தொட்டிக்குத் தனியாச் சொல்லியிருக்கா. ஏக்கருக்கு இவ்வளவுன்னு மட்டும் போட்டிருந்தா அவங்க மாடித் தோட்டத்தை நினைச்சே பார்க்கலைன்னு அர்த்தம். 'எல்லாப் பயிருக்கும், எல்லாக் கட்டத்துக்கும், மூணே நாளில் பலன்'னு போட்டிருந்தா கீழே வெச்சுட்டு வந்துடுவேன். மூணு நாளில் பச்சை ஏறினா அதுல யூரியா இருக்குமோன்னுதான் எனக்குத் தோணும். நீண்ட நாள் கெடாம இருக்கணும்னா, ராமநாதபுரம் கடல் பக்கம் வளர்க்கிற கடற்பாசியில எடுத்த சாறு, மண்புழு உரப் படுக்கை வெச்சிருக்கிற விவசாயிகிட்ட நேரா வாங்கற மண்புழு நீர் ரெண்டும் தொட்டிக்குப் பயமில்லாதது. மண்புழு நீரைப் பத்து மடங்கு தண்ணி சேர்த்து விடலாம். கை தவறிக் கொஞ்சம் கூடினாலும் செடி தாங்கும். புதுசா மாடியில ஆரம்பிக்கிறவங்க இதுல இருந்தே தொடங்குங்கன்னு நான் சொல்லுவேன்.

வீட்ல செஞ்சதோ கடையில வாங்கினதோ, முதல் தடவை ஒரே ஒரு பைக்கு ஊத்தி மூணு நாள் பாருங்க. நான் மட்டும் அன்னிக்கு அதைச் செஞ்சிருந்தா 13 செடி மிஞ்சியிருக்கும்.

கொத்தமல்லி, புதினா, பச்சையாவே தின்கிற எந்த இலைக்கும் சாணமோ கோமியமோ கலந்ததை நான் தெளிக்கிறது இல்ல. நல்லா மட்கின மண்புழு உரத்தை மண்ணுல போட்டாலே கீரைக்குப் போதும். நாம சாப்பிடறது மட்டுமில்ல, பக்கத்து வீட்டுப் பாப்பா அப்படியே கிள்ளி வாயில போட்டுக்குது.

அந்த 5 செடி கதைக்கு வர்றேன். ஐப்பசி, கார்த்திகையில ரெண்டு செடி காய்ச்சது. மூணாவது பூத்துப் பூத்து உதிர்ந்தது. நாலாவதுல தண்டுத் துளைப்பான் விழுந்து நுனியைக் கிள்ளி எறிஞ்சேன், பிறகு தழைஞ்சது. அஞ்சாவது செடிதான் ஓட்டை அடைச்சிருந்த பை, செத்துடும்னு நினைச்சது. அதுலதான் காய்க்கு நடுவுல விதை கெட்டிப்படாம, அத்தை வைக்கிற குழம்புல இருந்த மாதிரியே இருந்தது. பூவுல இருக்கும்போதே அதுக்குச் சின்ன வலைத்துணிப் பை கட்டினேன். கீழே வீட்ல வேற கத்தரி இருக்கு, வண்டு மாத்தி விட்டுடக் கூடாதே. சிவப்புத் துணியும் கட்டினேன்.

ரெண்டு காயை விதைக்குன்னு விட்டிருக்கேன். மஞ்சள் ஏறுது. அந்தச் செடிக்கு அமுதக் கரைசலைக்கூட நிறுத்தி மூணு வாரம் ஆச்சு. விரலை விட்டுப் பார்க்கறேன், காய்ஞ்சிருந்தா ஒரு சொம்பு மழைத் தண்ணி. சாம்பலை மட்டும் சலிச்சு டப்பாவுல எடுத்து வெச்சுட்டேன். அத்தையோட துணி கிழிஞ்சு போச்சு, புதுசா ஒண்ணு கிழிக்கணும்.